மூலவரைத் தொடாத திருப்பணி

ஜிந்துப்பிட்டி சிவசுப்பிரமணிய சுவாமி கோவிலில் கும்பிட்டுவிட்டுக் கொச்சிக்கடைப் பக்கம் கொஞ்சம் நடந்தால் பொன்னம்பலவாணேஸ்வரர் கோவில் வந்துவிடும். பொன்னம்பல முதலியார் 19 ஆம் நூற்றாண்டின் நடுவில் கட்டிய கோவில் என்று அதற்குப் பெயர். ஆனால் அவர் கட்டியது இன்று அங்கே இல்லை. அவருடைய மகன் சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1907 இல் தொடங்கி 1912 இல் முடித்த கருங்கற் கோவில்தான் இப்போது நிற்கிறது. தூண், மண்டபம், விதானம் எல்லாம் கல். கொழும்பில் அதற்கு ஈடான கட்டடம் தேடினாலும் கிடைக்காது. இருந்தாலும், தகப்பனாரின் கோவில் எப்படி இருந்தது என்று பார்க்க ஆசைப்படுகிறவருக்கு இனி வழியில்லை. அது இராமநாதனின் குற்றமில்லை. ஒரு நிலத்தில் ஒரு கட்டடந்தான் நிற்கும். புதியது எழ வேண்டுமென்றால் பழையது விழத்தான் வேண்டும். அந்த நிர்ப்பந்தமே இல்லாத ஓர் இடத்தில் இருந்துகொண்டு, பழையதை இடித்துத்தான் புதுக்குவேன் என்று நிற்கிறவர்கள் இருக்கிறார்கள். கணினி விளையாட்டு நிறுவனங்களைச் சொல்கிறேன்.

இதென்ன சின்னப் பிள்ளை விவகாரம் என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். பாத்திரமேற்று ஆடும் கேம்கள் என்று ஒரு வகை உண்டு. கூத்தில் வேடம் கட்டுவதுபோல, ஆடுகிறவர் ஒரு ஆளைத் தானே உருவாக்கி, அந்த ஆளாகவே ஒரு முழு நாட்டுக்குள் போய் வாழ்வார். நூறு, இருநூறு மணித்தியாலம் ஆடினாலும் தீராது. ஒரு தடித்த நாவலை வாசித்தவர்போல, பத்து வருடம் கழித்தும் அதற்குத் திரும்பி வருவார்கள். கதை அப்படியே இருக்கும்; பழசாகிப்போவது அதன் கல்லும் மரமும் முகமும்தான். 2011 நவம்பர் 11 இல் வந்த ஸ்கைரிமை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் தொங்கும் சங்கிலி, சங்கிலியே இல்லை. சங்கிலியை வரைந்து ஒட்டிய தட்டைத் தாள். கிட்டப் போய்ப் பக்கவாட்டில் பார்த்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். அடுத்த பெப்ரவரியில் அதைத் தயாரித்த பெதெஸ்டா நிறுவனமே கேமுக்குள் கைவைப்பதற்கான கருவிப்பெட்டியை இலவசமாகக் கொடுத்தது. ஆர்வலர் ஒருவர் உட்கார்ந்து சங்கிலி, பீப்பாய், கயிறு என்று ஒவ்வொன்றாக முப்பரிமாணத்தில் செய்து எல்லோருக்கும் சும்மா கொடுத்தார். இப்படிப்பட்ட சேர்க்கைகளுக்குத்தான் மொட் என்று பெயர். கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் கணினி வைத்திருக்கும் பொடியன்களிடம் இந்தச் சொல்லுக்கு விளக்கம் கேட்டால் சிரிப்பார்கள்.

மொட் எப்படி வேலை செய்கிறது என்பதில்தான் என் வாதத்தின் முடிச்சு இருக்கிறது. கேமின் படங்களும் உருவங்களும் பெரிய பொதிகளாகக் கட்டி வைக்கப்பட்டிருக்கும். அதே பெயரில் ஒரு தனிக் கோப்பு வெளியே இருந்தால் கேம் பொதியை விட்டுவிட்டு வெளியே இருப்பதை எடுத்துக்கொள்ளும். பொதிக்குள் பழைய கல் பழைய கல்லாகவே கிடக்கும். மொட் ஓர்கனைசர் என்ற மென்பொருள் இன்னும் ஒரு படி மேலே போகிறது. கேமின் அடைவுக்குள் எதையுமே வைக்காமல், வைத்திருப்பதுபோல கேமை நம்பச் செய்கிறது. வெளிச்சத்தையும் நிழலையும் மாற்றும் ஈஎன்பி என்பது இன்னொரு தந்திரம். விண்டோஸின் டைரக்ட்எக்ஸ் கோப்பின் பெயரையே தனக்குச் சூட்டிக்கொண்டு ஒரு சின்னக் கோப்பு கேமின் வாசலில் உட்கார்ந்திருக்கும். திரைக்குப் போகும் படத்தை வழிமறித்து, வெயிலைத் திருத்தி அனுப்பும். அந்த ஒரு கோப்பை அழித்தால் போதும், அடுத்த முறை 2011 இன் பழைய வெயில் திரும்பிவிடும். மொட் போடாத கேமை இவர்கள் ‘வெனிலா’ என்பார்கள். அனுபவமுள்ளவர்கள் அந்த வெனிலாவை முதலில் வேறோர் இடத்தில் பிரதியெடுத்து வைத்துவிட்டுத்தான் வேலை தொடங்குவார்கள். திருப்பணிக்கு முன் பாலஸ்தாபனம் செய்கிறோமே, ஏறக்குறைய அதே நியாயம்.

நிறுவனங்கள் செய்யும் புதுக்கலில் இந்த நியாயம் பல வேளைகளில் காணாமற் போகிறது. 2002 இல் வந்த வோர்கிராஃப்ட் 3 பாத்திரமேற்கும் வகையன்று, போர்த்தந்திர வகை. ஆனாலும் இதற்கு அதைவிட நல்ல சாட்சி இல்லை. பிளிசார்ட் நிறுவனம் 2020 சனவரியில் அதைப் புதுக்கி வெளியிட்டபோது, புதியதைக் காசு கொடுத்து வாங்காதவர்களும், இணையத்தில் ஆட வேண்டுமானால், புதிய மென்பொருளுக்கு மாறியே ஆக வேண்டியிருந்தது. பழையதில் இருந்த தரவரிசைப் போட்டிகளும் குழு வசதிகளும் வெளியானபோது புதியதில் இருக்கவில்லை. வாங்கியவர்களுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டி வந்தது. பழைய கேமைத் திருப்பிக் கொடுக்கவில்லை. பெதெஸ்டாவும் இதற்கு விலக்கில்லை. 2015 இல் வந்த ஃபோல்அவுட் 4 க்கு 2024 ஏப்ரல் 25 இல் ஒரு பெரிய மேம்படுத்தலைத் தள்ளியது. தொண்டர்கள் பல வருடம் உழைத்து லண்டன் நகரத்தையே புதிதாகக் கட்டிய ‘ஃபோல்அவுட்: லண்டன்’ என்ற மொட் அதே கிழமை வெளிவர இருந்தது. அடித்தளம் மாறியதால் அது யூலை 25 வரை தள்ளிப்போனது. வந்தபோதும், ஆடுகிறவர்கள் தங்கள் கேமை மேம்படுத்தலுக்கு முந்திய நிலைக்கு இறக்கிய பிறகே அதைப் போட முடிந்தது. வீட்டுக்காரர் ஊரில் இல்லாத நேரம் பார்த்துச் சுவரை இடித்துக் கட்டிவிட்டு, இலவசந்தானே என்று சொல்வதுபோன்ற வேலை இது.

இதில் மிகவும் படிப்பினை தருவது கிராண்ட் தெஃப்ட் ஓட்டோவின் கதை. 2001, 2002, 2004 இல் வந்த மூன்று கேம்களையும் ஒன்றாகப் புதுக்கி 2021 நவம்பரில் ரொக்ஸ்டார் வெளியிட்டது. அதற்கு முன்பே பழைய மூன்றையும் இணையக் கடைகளிலிருந்து எடுத்துவிட்டது. பழைய படங்களைக் கணினியே பெருப்பித்துத் தெளிவாக்கும் முறையைப் பெருமளவு நம்பியதால், கடைப் பலகைகளில் எழுத்துகள் பிழைபட்டன. ஒரு டோனட் கடையின் கூரையில் பெரிய இரும்பு நட் ஒன்று உண்டு. கடையின் பெயரிலும் நட் என்ற சொல் வரும். நட்டும் டோனட்டும் நடுவில் ஓட்டை உள்ளவை என்பதுதான் பகிடி. நட் என்றால் ஆறு பக்கம் இருக்க வேண்டும். பழைய கேமில் கணினியின் வலு போதாமல் எல்லாமே கோணல்மாணலாக இருந்த காலத்தில், இந்தக் கோணம் மட்டும் வேண்டுமென்றே வைத்த கோணம். புதுக்கியவர்களின் கருவிக்கு அந்த வேறுபாடு எப்படித் தெரியும்? எல்லாக் கோணத்தையும் மழித்ததுபோல இதையும் மழித்து உருண்டையாக்கிவிட்டது. ஆறுமுகம் ஒரு முகமானது, பகிடி செத்தது. வெளியாகி எட்டு நாளில் நிறுவனம் மன்னிப்புக் கேட்டு, பழைய கேம்களைத் தன் சொந்தக் கடையில் மறுபடி வைத்தது. மன்னிப்பைவிட இந்த இரண்டாவது காரியந்தான் பெரிது என்பேன். பழையது பக்கத்தில் இருந்தால்தானே புதியதில் எது பிழைத்தது, எது பிழையானது என்று ஒப்பிட்டுப் பார்க்கலாம்?

அந்த மூன்றில் சான் அன்ட்ரியாஸ் என்ற கேமில் இன்னொன்றும் நடந்தது. பழையதில் தூரத்தை ஒரு மங்கல் மூடியிருக்கும். புதியதில் அதை எடுத்துவிட்டார்கள். மாகாணம் போல் விரிந்து கிடந்த இடம், ஒரு நகரத்து மொட்டைமாடியில் நின்றால் மறுகோடி மலைவரை தெரிகிற முற்றமாகச் சுருங்கிப்போனது. இது நிறுவனத்தின் பிழை மட்டுமென்று எழுதினால் நேர்மையாகாது, ஏனென்றால் ஆர்வலர்களும் இதே பிழையைப் பல வருடத்துக்கு முன்பே செய்திருக்கிறார்கள். 2002 இல் வந்த மொரோவிண்டில் சுமார் நூறு மீற்றருக்கு அப்பால் எதுவும் தெரியாது, எல்லாம் பனிமூட்டம். அன்றைய கணினிகளால் அதற்கு மேல் வரைய முடியாது என்பதுதான் காரணம். ஆனால் அந்தக் கேமில் போக வேண்டிய இடத்தை அம்புக்குறி போட்டுக் காட்ட மாட்டார்கள். ஊரவர் ஒருவர் வாயால் சொல்லுவார்: பாலத்தைத் தாண்டு, ஆறு பிரிகிற இடத்தில் கிழக்கே திரும்பு, பெரிய பாறைக்குப் பின்னால் பார். கொட்டாஞ்சேனை ஒழுங்கைகளில் வீடு தேடுகிறவருக்குச் சொல்கிற மாதிரியேதான். மூட்டத்துக்குள் அந்தப் பாறை திடீரென்று முளைக்கும்போது கண்டுபிடித்த மகிழ்ச்சி. தூரத்தைத் திறந்துவிடும் மொட்டைப் போட்டுவிட்டுப் பார்த்தால் எரிமலையும் பெருநகரமும் ஒரே பார்வையில் விழுகின்றன. நாட்கணக்கில் நடந்த தீவு கைக்குட்டையளவு என்று தெரிந்துவிடுகிறது. குறை என்று நினைத்தது பாதி குணமாகவும் இருந்திருக்கிறது. இது போட்டுப் பார்த்த பிறகுதான் தெரியும். தெரிந்த பிறகு மூட்டத்தைத் திரும்பக் கொண்டுவர முடிவதுதான் மொட்டின் பெருமை. அந்த மென்பொருளில் பார்வைத் தூரத்துக்கு ஓர் எண் இருக்கிறது, குறைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

இங்கே ஓர் ஆட்சேபம் எழும். படைத்தவன் எப்படி விட்டானோ அப்படியே அனுபவிப்பதுதானே மரியாதை. சங்கிலிக்கு வளையம் செய்வதும் வானத்தைத் திருத்துவதும் அதிகப்பிரசங்கித்தனம் இல்லையா? பாதி நியாயம் இதில் இருக்கிறது. எங்கள் நாட்டின் 2003 ஆம் ஆண்டு 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டமும், படைத்தவரின் பொருள் உரிமையோடு நின்றுவிடாமல், தன் படைப்பு சிதைக்கப்படுவதை எதிர்க்கும் தார்மிக உரிமையையும் அவருக்குக் கொடுக்கிறது. ஆனால் சிதைத்தல் என்றால் மூலத்துக்கு ஏதேனும் ஆக வேண்டும், அல்லது சிதைந்ததே மூலம் என்று ஊரை நம்பவைக்க வேண்டும். ஒருவர் தன் வீட்டுக் கணினியில் மேலுக்கு ஒரு போர்வை போர்த்துவதில் இரண்டும் இல்லை. அதுமட்டுமன்றி, படைத்தவனின் எண்ணம் என்பதும் நாம் நினைக்கிற அளவுக்குத் தெளிவான பொருளில்லை. அந்தத் தட்டைச் சங்கிலி கலைஞனின் எண்ணமா, அன்றைய கணினி நினைவகத்தின் எண்ணமா? நட்டின் ஆறு பக்கம் நிச்சயமாகக் கலைஞனின் எண்ணம். மூட்டம் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. எது எது என்று முன்கூட்டியே தீர்ப்புச் சொல்லக்கூடியவர் யாருமில்லை. தீர்ப்பு பிழைக்கலாம் என்பதாலேயே திருத்தம் கழற்றக்கூடியதாக இருக்க வேண்டும்.

மொட் செய்கிறவர்கள் எல்லோரும் ரசனைக்காரர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. ஸ்கைரிம் குளிர்நாட்டுக் கதை. அதன் பெண்களுக்குக் காற்றடித்த தோலும் அழுக்கும் தழும்பும் உண்டு. அழகூட்டும் மொட்டுகளில் பாதி அவர்களைக் கழுவித் துடைத்து, சவர்க்கார விளம்பரத்து முகங்களாக மாற்றிவிடுகின்றன. பட்டிக்காட்டுக் கொல்லன் மனைவியும் அரசியும் ஒரே அழகுநிலையத்திலிருந்து வந்தவர்கள்போல நிற்பார்கள். கல்லெல்லாம் மழையில் நனைந்ததுபோல மினுங்கும். இன்னொரு மோகம் அளவு மோகம். பழைய கேமில் ஒரு கல்லின் படம் பக்கத்துக்கு 512 புள்ளி என்றால், இவர்கள் 4096 புள்ளியில் செய்து போடுவார்கள். பக்கத்துக்கு எட்டு மடங்கு, பரப்பில் 64 மடங்கு. ஒரு கோடியே 67 இலட்சம் புள்ளிகள் கொண்ட அந்தப் படம், வீடுகளில் உள்ள சாதாரணத் திரையின் மொத்தப் புள்ளிகளைவிட எட்டு மடங்கு பெரியது. காலடியில் கிடக்கும் ஒரு கூழாங்கல்லுக்கு இவ்வளவும்! கிராபிக்ஸ் கார்ட்டின் நினைவகம் நிரம்பி, கேம் தடக்கித் தடக்கி ஓடும்போதுதான் புத்தி வரும். இந்தக் குற்றச்சாட்டையெல்லாம் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இவற்றில் ஒன்றுகூட அடுத்த வீட்டுக் கணினியைத் தொடுவதில்லை. ஒருவருடைய ரசனைக் குறைவு அவருடைய இயந்திரத்தோடு முடிந்துபோகிறது. ரொக்ஸ்டார் மழித்த நட்டு, வாங்கிய அத்தனை பேர் வீட்டிலும் உருண்டையாக இருந்தது.

நேரத்தைச் சொல்லி மறுக்கிறவர்களுக்குப் பதில் சொல்வதுதான் கடினம். நூறு மொட்டைத் தேடி எடுத்து, எது முன்னே எது பின்னே என்று லோட் ஓர்டர் பார்த்து, ஒன்றோடொன்று முட்டுவதைத் தீர்த்து முடிப்பதற்குள் இரண்டு வார இறுதி போய்விடும். வேலைக்குப் போகிறவனுக்கு இது ஆகுமா, நிறுவனமே செய்து கொடுத்தால் ஒரே சொடுக்கில் முடியுமே என்பார்கள். உண்மை. நிறுவனங்கள் புதுக்கவே கூடாது என்பது என் கட்சியும் அல்ல. பெதெஸ்டாவின் ஒப்லிவியன் 2006 இல் வந்தது. 2025 ஏப்ரல் 22 இல் அதன் புதுக்கிய பதிப்பு வந்தபோது, உள்ளே பழைய இயந்திரமே கணக்குகளைப் பார்த்துக்கொண்டிருக்க, மேலே அன்ரியல் என்ஜின் 5 படத்தை வரைந்தது. நிறுவனமும் போர்வை முறையையே கையாண்டிருக்கிறது பாருங்கள். பழைய ஒப்லிவியனையும் விற்பனையிலிருந்து எடுக்கவில்லை. அப்படிச் செய்ததன் பயன் எங்களைப் போன்ற நாட்டில் இருப்பவர்களுக்குத்தான் நன்றாக விளங்கும். பழையதற்கு வன்தட்டில் ஐந்து ஜிகாபைட் கூட வேண்டாம்; புதியதற்கு 125. குறைந்தபட்சம் 16 ஜிகாபைட் ராம். 2022 இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவைத் தாண்டியபோது பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் கார்ட்டுகளின் விலை என்ன ஆனது என்று எவருக்கும் சொல்லத் தேவையில்லை. இரவு டேட்டா கிடைக்கும் நேரம் பார்த்துப் பதிவிறக்குகிற ஊரில் 125 ஜிகாபைட் சின்ன விஷயமா? பழைய கேமும் அதற்கான மொட்டுகளும் இருந்தால், பத்து வருடத்துப் பழைய கணினி வைத்திருக்கும் ஜிந்துப்பிட்டிப் பிள்ளை, தன் இயந்திரம் தாங்குகிற மட்டுக்கு இந்தச் சங்கிலியை மட்டும், அந்த நீரை மட்டும் புதுக்கிக்கொள்ளலாம். ஒரே சொடுக்கில் வருவதில் அந்தத் தெரிவு கிடையாது.

கொப்பி சீடியை ஊக்குவிக்கிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். மொட்டுக்குள் கேம் இருப்பதில்லை. மூலக் கேம் கையில் இருந்தால்தான் மொட் வேலை செய்யும். இருபது வருடத்துப் பழைய சரக்கு இன்றும் விலைபோவதற்கு மொட்டுகளும் ஒரு காரணம் என்பதை நிறுவனங்கள் நன்றாகவே அறியும். 2015 ஏப்ரலில் ஸ்கைரிம் மொட்டுகளைக் காசுக்கு விற்கும் திட்டத்தை ஸ்டீம் கடையில் தொடங்கி, ஆடுகிறவர்களின் கோபம் தாங்காமல் ஒரு கிழமைக்குள் கைவிட்டார்கள். ஒன்றும் தேறாத இடத்தில் கடை போட எந்த வியாபாரியும் வரமாட்டான்.

மூலப்பிரதியின் அருமையைத் தமிழருக்கு, அதிலும் கொழும்புத் தமிழருக்கு, எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. 1983 யூலையில் ஹெந்தளையில் கே. குணரத்தினத்தின் விஜயா ஸ்ரூடியோவை எரித்தபோது, படச்சுருள்களின் மூலப்பிரதிகள் பலவும் சேர்ந்து எரிந்தன. பி. ஆர். பந்துலுவின் 1964 ஆம் ஆண்டுக் ‘கர்ணன்’ 2012 இல் எண்முறையில் சீராக்கப்பட்டுத் தியேட்டர்களில் மறுபடி ஓடியது, தேய்ந்தாவது ஒரு பிரதி எஞ்சியிருந்ததால்தான். சாம்பலைச் சீராக்க எந்தக் கருவியும் இல்லை. கேம்களிலும் இதற்குச் சான்று இருக்கிறது. மொரோவிண்டின் படங்களை முதற்சுற்று ஆர்வலர்கள் கையால் வரைந்து மாற்றினார்கள். அவற்றில் பல, அசலின் நிறத்தையே தொலைத்தவை. 2018 இன் கடைசியில் நரம்பு வலையமைப்புகளைக் கொண்டு படத்தைப் பெருப்பிக்கும் முறை கைக்கு வந்ததும், வேறு ஆர்வலர்கள் இந்த இடைக்காலப் படங்களை விட்டுவிட்டு, சீடியில் வந்த 2002 இன் அசலுக்கே போய் அங்கிருந்து புதிதாகத் தொடங்கினார்கள். முதற்சுற்றுக்காரர்கள் அசலின் மேல் எழுதியிருந்தால் இவர்கள் போவதற்கு ஓர் இடம் இருந்திராது. நாளை இதைவிட நல்ல முறை ஒன்று வரும்; அதுவும் அசலைத்தான் கேட்கும்.

ஆகவே நிறுவனங்களிடம் கேட்க வேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை. புதுக்கியதை விற்கும் நாளில் பழையதைக் கடையிலிருந்து எடுக்காதீர்கள். வாங்கியவர் சம்மதமில்லாமல் பழைய பதிப்பின் மேல் புதியதை ஏற்றாதீர்கள். முந்திய பதிப்புக்கு இறங்க ஒரு வழி வையுங்கள். மொட் செய்கிற தொண்டர்கள் சம்பளமில்லாமல் கடைப்பிடிக்கிற ஒழுங்குதான் இது. கேட்டால் நடக்காது என்றும் இல்லை. 2024 நவம்பரில் அந்த மூன்று கேம்களுக்கும் ரொக்ஸ்டார் ஒரு மேம்படுத்தல் கொடுத்தது. அதில் பழைய வெளிச்சம் என்று ஒரு தெரிவு வந்தது. அதை அழுத்தினால் 2004 இன் அந்தச் செம்மஞ்சள் வானம் சான் அன்ட்ரியாஸுக்குத் திரும்பி வருகிறது. பிடிக்காவிட்டால் மறுபடி அழுத்தினால் போய்விடும்.